ஸ்டென்ட் அடைப்பும் தலைவிதியும்

இருதய இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டு, ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழல் வைத்துக்கொண்டவர்களில் சிலருக்குச் சில மாதங்களில் அதே இடம் மறுபடியும் சுருங்கி விடுகின்றது. காரணம் கேட்டால், வீட்டார் “தலைவிதி” என்கிறார்கள். ஜோசியர் “கிரகம் சரியில்லை” என்கிறார். டாக்டர்களில் சிலரோ “உங்கள் உடம்பு வாகு” என்று சொல்லி முடித்து விடுகிறார்கள். இம்மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்றுதான் நாம் கேட்கின்றோம். “மேற்கொண்டு கேளாதே” என்பதற்கு இவை மூன்று பெயர்களேயாகும்.

உண்மை என்னவெனில், பலூனும் கம்பியும் குழாயின் உட்சுவரைக் காயப்படுத்துகின்றன. அக்காயத்தை ஆற்றப் புறப்பட்ட தசை அணுக்கள் அளவு கடந்து வளர்ந்து வழியை அடைக்கின்றன. 1977-ல் ஜூரிச் நகரில் குருன்ட்ஸிக் என்பவர் வெறும் பலூனால் வழி திறந்தார். அம்முறையில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மறுபடி சுருங்கிற்று. 1986-ல் கம்பிவலை வந்தது. அப்போதும் நான்கைந்து பேரில் ஒருவருக்குச் சுருங்கிற்று. விதியென்று கைகட்டி இருந்துவிடாமல், அணு வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைக் கம்பியின்மேல் பூசிப் பார்த்தார்கள். (முதலில் பூசிய மருந்து, 1964-ல் ஈஸ்டர் தீவில் எடுத்த மண்ணிலிருந்த கிருமி தந்தது, எந்த ரிஷியும் ஞானதிருஷ்டியில் கண்டதல்ல.) 2002, 2003-ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதற்கு அனுமதி கொடுத்தன. இன்று சுருக்கம் ஏறக்குறைய பத்தில் ஒன்று, அல்லது அதற்கும் கீழே. தலைவிதி இவ்வளவு சீக்கிரம் திருத்தி எழுதப்படுமா?

நிற்க, நீரிழிவும், குழாயின் குறுகலும், அடைப்பின் நீளமும் சுருக்கத்திற்குக் காரணமாகலாம். வலையைச் சரியாக விரிக்காமல் விட்டதும் காரணமாகலாம். இது உடம்பு வாகல்ல, வேலை வாகு! குழாய்க்குள்ளேயே ஒலியலையாலோ ஒளியாலோ பார்க்கும் கருவி இதைக் காட்டிவிடும். விரியாத வலையென்றால் பலமான பலூனால் விரிக்க வேண்டும். சதை வளர்ந்ததென்றால் மருந்து பூசிய பலூனோ, மற்றொரு மருந்து ஸ்டென்ட்டோ வைக்கலாம். பல குழாய்களில் திரும்பத் திரும்ப அடைத்தால் பைபாஸ் ஆப்பரேஷனை யோசிக்க வேண்டும். காரணம் பாராமல் கம்பிமேல் கம்பி அடுக்குவது, பரிகாரம் பலிக்காதவனுக்கு இன்னொரு பரிகாரம் சொல்லுகிற ஜோசியர் வேலைதான். ஆகவே, “வலை விரிந்திருந்ததா, பார்த்தீர்களா?” என்று டாக்டரைக் கேட்க யாரும் கூச வேண்டியதில்லை.

மற்றொன்று, சுருக்கம் வேறு, வலைக்குள் இரத்தம் திடீரென்று உறைவது வேறு. முன்னது பெரும்பாலும் நெஞ்சு வலியாக வந்து எச்சரிக்கும். பின்னது ஆளையே கொன்றுவிடக் கூடியது. “அடைப்புத்தான் எடுத்தாயிற்றே” என்றும், விரதமென்றும், யாத்திரையென்றும் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் தாமாக நிறுத்துகிறவர்கள் பின்னதையே விலைக்கு வாங்குகிறார்கள். பல் பிடுங்குவதற்காகக்கூட, இருதய டாக்டரைக் கேளாமல் அம்மாத்திரைகளை நிறுத்தக் கூடாது.