கையில் ரேடியோ, காற்றில் மௌனம்

குருவிநத்தம் கடற்கரை ஊரன்று. தென்பெண்ணையாற்றை அடுத்து, வயல்களை நம்பி வாழும் பாகூர்ச் சீமைக் கிராமம் அது. ஆயினும் கடலில் பிறந்த ஆபத்து தன் வாசலுக்கு வராதென்று அவ்வூர் சொல்லிக் கொள்ள முடியாது. 2024-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறிற்று. அடுத்த இரண்டு தினங்களுக்குள் சாத்தனூர் அணையிலிருந்து வந்த பெருவெள்ளம் தென்பெண்ணையில் புரண்டு, பாகூர்ப் பகுதிக் கிராமங்களைச் சூழ்ந்து கொண்டது. புயலைக் கடலில் முதலில் காண்பவர் மீனவர். அதன் வெள்ளத்தை ஆற்றில் பின்னர் காண்பவர் உழவர். ஆகவே, கடலில் உள்ளவனுக்கும் கரையில் உள்ளவனுக்கும் பேச்சு இருக்கிறதா என்னும் கேள்வி இருவருக்கும் பொதுவானது.

2017-ஆம் வருஷம் நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடலைத் தாக்கியபோது நேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முன்பே ஆழ்கடல் சென்றுவிட்டோர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அவ்வளவு தூரம் செல்வோருக்குச் செயற்கைக்கோள் வழிக் கருவியே துணை. ஒரு லட்சம் படகுகளுக்கு அத்தகைய கருவி அளிக்கும் திட்டத்தை மத்திய சர்க்கார் 2024-இல் தொடங்கியது, அதை வரவேற்கிறோம். ஆனால் காலையில் சென்று மாலையில் திரும்பும் பைபர் படகுக்காரர் பக்கத்துப் படகைக் கூவியழைக்க உகந்தது, கையடக்கமான கடல் வயர்லெஸ்தான். கைபேசியில் பேசினால் ஒருவரே கேட்பார். இதில் கூப்பிட்டால் சுற்றியுள்ளோர் அனைவரும் கேட்பர். உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கென ஒதுக்கப்பட்ட 16-ஆவது சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், இதில் உண்டு.

கருவியை வாங்கியதும் காரியம் முடிந்ததென்று எண்ணுவது பெரும் பிழை. ரேடியோவின் குரல் அதன் ஆன்டெனாவில் இருக்கிறது. இவ்வலைகள் ஏறக்குறையப் பார்வை போலவே நேராகச் செல்பவை. பூமியின் வளைவு மறைத்தால் குரலும் மறையும். கடல் மட்டத்துக்கு ஒரு மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் அதன் அடிவானம் சுமார் 4 கிலோமீட்டர். நான்கு மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 8. உயரம் நான்கு மடங்கானால் தூரம் இரண்டு மடங்காகும் என்பது கணக்கு. இரு முனைகளின் அடிவானங்களையும் கூட்டினால் அழைப்பு எட்டும் தூரம் கிடைக்கும். படகில் நான்கு மீட்டர், கரையில் 25 மீட்டர்க் கம்பம் என்று வைத்தால் சுமார் 29 கிலோமீட்டர். கையில் பிடித்த இரு ரேடியோக்களுக்கு இடையிலோ எட்டுக்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. ஐந்து வாட் கருவியை விட்டு இருபத்தைந்து வாட் கருவியை வாங்கினாலும் இந்த வளைவை வெல்ல இயலாது; உயரமே வெல்லும்.

அடுத்தது ஆன்டெனாவின் நீளம். அலையின் நீளம் ஏறத்தாழ 1.9 மீட்டர்; அதில் கால் பங்கு, கம்பியில் சுமார் 46 செண்டிமீட்டர். ரேடியோவுடன் வரும் குட்டையான ரப்பர்க் குச்சி, கம்பியைச் சுருளாக்கி அடக்கியது. எடுத்துச் செல்ல வசதி, எட்டுவதில் குறை. முழுக் கால் அலைக் கம்பி அதனினும் மேல். ஆனால் கால் அலைக்குக் கீழே உலோகத் தளம் துணையாக வேண்டும். பைபர் படகில் அத்தளம் இல்லை. எனவே அதற்கு அரை அலை ஆன்டெனாவே ஏற்றது. அதிக ஆற்றல் தரும் என்று விளம்பரமாகும் நெடிய ஆன்டெனா, அலையை மெல்லிய வட்டத் தட்டுப்போல் அடக்குவதால், படகு அலையில் சாயும்போது குரல் வானத்துக்கோ நீருக்கோ போய்விடும். சிறு படகுக்கு நடுத்தரமானதே நலம். எதுவாயினும் நிமிர்த்தியே நிறுத்த வேண்டும்.

கரையில் செய்ய விரும்புவோர், நிமிர்ந்த கம்பி ஒன்றும், அடியில் சரிந்து விரியும் நான்கு கம்பிகளும் கொண்ட எளிய ஆன்டெனாவைத் தாமே அமைக்கலாம். எல்லாம் அதே அளவு. ஆயினும் அளவு கருவியால் பொருத்தத்தைச் சோதிக்காமல் பேசத் தொடங்கலாகாது. பொருந்தாத ஆன்டெனா ரேடியோவையே கெடுக்கக் கூடும். கேபிளிலும் சிக்கனம் கூடாது. மெல்லிய கேபிள் பத்து மீட்டர் ஓடினால் சக்தியில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் வழியிலேயே வீணாகும். இணைப்பில் உப்பு நீர் புகுந்தால் மிச்சமும் போகும்.

ஆகவே நாம் கேட்பது அதிகமன்று. சர்க்கார் உதவியில் ரேடியோ கொடுக்கும் இடத்தில், தகுந்த ஆன்டெனாவும் கேபிளும் கம்பமும் அதனுடன் கொடுக்கப்பட வேண்டும். கரையில் உயர்ந்த கம்பம் நிறுவி, இரவும் பகலும் 16-ஆவது சேனலைக் கேட்க ஆள் வைக்க வேண்டும். கேட்பார் இல்லாத கூப்பாட்டுக்குக் கம்பம் எதற்கு? ஊருக்கு இரண்டு இளைஞர்களுக்கு அளவு கருவியும் பயிற்சியும் கொடுத்தால் செலவும் குறையும், ஊரும் பிறரை எதிர்பார்க்காது.

இன்னொன்றையும் வற்புறுத்துகிறோம். புதுச்சேரி எல்லையும் தமிழ்நாட்டின் கடலூர் எல்லையும் இவ்வட்டாரத்தில் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கின்றன. ரேடியோ அலைக்கு எல்லைக்கல் தெரியாது. அபாயத்தில் அலறுபவன் எந்தச் சர்க்காரின் பிரஜை என்று அது விசாரிப்பதில்லை. இரு சர்க்கார்களின் மீன்வளத் துறைகளும் ஒரே அழைப்பை ஒருசேரக் கேட்டு, ஒருசேரப் புறப்படும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். அடுத்த ஐப்பசி, கார்த்திகை நமக்காகக் காத்திராது. புயல் வந்த பின் கம்பம் நடுவது, வெள்ளம் வந்த பின் கரை கட்டுவதையே ஒக்கும்; அதன் பலனைத் தென்பெண்ணைக் கரையார் நன்றாக அறிவார்கள்.