சூட்டில் முரண்டு பிடிக்கும் பழைய கார்

சேலையூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "எங்க வீட்டு பெட்ரோல் அம்பாசடர் காலையில் சாவியைத் திருப்பினதும் கிளம்பிடும். குரோம்பேட்டை மார்க்கெட்டில் பத்து நிமிஷம் நிறுத்திட்டு வந்தா, என்ன செய்தாலும் ஸ்டார்ட் ஆகாது. வித்துடலாம்கிறார் இவர். மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைச்சிட்டுப் போக எங்களுக்கு வேற வண்டி கிடையாது."

வடகமும் ஊறுகாயும் எழுதுகிறவளுக்கு கார் சமாச்சாரம் எதற்கு என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் செய்தது. அங்கேதான் மாமனார் வேலை பார்த்தார். 1988-ல் கார் தயாரிப்பு நின்றுபோச்சு. அவருக்கு இழுப்பு உண்டு. மாசம் ஒரு தரம் தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியில்தான் கூட்டிப் போகிறேன். சித்திரை வெயிலில் நடுரோட்டில் நின்றால், இழுப்புக்காரரை வைத்துக்கொண்டு என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள்!

அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடத்தானே செய்கிறது? இன்ஜினும் அப்படித்தான். வண்டி ஓடும்போது ஃபேனும் தண்ணீரும் சூட்டை வாங்கிக்கொள்ளும். நிறுத்தினதும் இரண்டும் நின்றுவிடும். ஆனால் இரும்பில் இருக்கிற சூடு பானெட்டுக்குள்ளேயே ஏறும். பெட்ரோலின் லேசான பகுதி சுமார் 40 டிகிரியிலேயே ஆவியாகக் கிளம்பிவிடும். அதனால்தான் பத்து, பதினைந்து நிமிஷம் நிறுத்தின வண்டி படுத்தி எடுக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி சமர்த்தாகக் கிளம்பும்.

இதில் இரண்டு விதம் உண்டு. மூக்குதான் பிரித்துச் சொல்லும்.

பெட்ரோல் நெடி தூக்கலாக அடித்தால், கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் பால் மாதிரி பொங்கி இன்ஜினுக்குள் வழிந்திருக்கிறது. பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். பக்கத்தில் யாரும் பீடி, சிகரெட் பற்றவைக்கக் கூடாது. பிறகு சோக்கை இழுக்காமல், ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு, ஐந்தாறு விநாடி செல்ஃப் அடியுங்கள். பதட்டத்தில் மிதித்து மிதித்து விட்டால் இன்னும் பெட்ரோல்தான் போய்ச் சேரும்.

நெடியே இல்லை, செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், பைப்பிலோ பம்ப்பிலோ ஆவி அடைத்திருக்கலாம். மெக்கானிக்குகள் 'ஏர் லாக்' என்பது இதைத்தான். அடிபம்ப்பு வெறும் காற்றை இழுத்தால் தண்ணீர் வருமா? இன்ஜின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப்பின்மேல், நன்றாகப் பிழிந்த ஈரத்துணியைச் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் பொறுங்கள். பழைய டிரைவர்கள் மலைப்பாதையில் செய்கிற வைத்தியம்தான். துணி ஃபேன் பக்கம் தொங்கக் கூடாது, பிளக் ஒயர்களில் ஈரம் படக் கூடாது. சூடான இன்ஜினில் தண்ணீரைக் கொட்டவே கொட்டாதீர்கள், விரிசல் விட்டுவிடும். ரேடியேட்டர் மூடியையும் தொடாதீர்கள். வெந்நீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். காத்திருக்கும்போது குழந்தைகளையும் பெரியவர்களையும் வண்டிக்குள் உட்காரவைக்காமல் நிழலுக்கு அழைத்துப் போங்கள்.

துணி போட்டும் பலனில்லை, முழுக்க ஆறினால்தான் கிளம்புகிறது என்றால் காயில் அல்லது கண்டென்சர்மேல்தான் எனக்குச் சந்தேகம். சூட்டில் மட்டும் மக்கர் செய்யும் சாமான்கள் அவை. செல்ஃப்பே இழுத்து இழுத்துச் சுற்றினால் பாட்டரி முனை, எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

வண்டி ஒர்க்‌ஷாப் போய்ச் சேருவதற்குள் ஆறிவிடும், அவர் சாவி போட்டால் உடனே கிளம்பும். நாம் சொல்வதை நம்பமாட்டார்! எங்களிடம் ஒருவர் கார்புரேட்டரையே மாற்றணும் என்றார். நான் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நாலு வாரம் குறித்து வைத்தேன்: எத்தனை நிமிஷம் நிறுத்தினோம், நெடி இருந்ததா, செல்ஃப் எப்படிச் சுற்றியது, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது. நோட்டைப் பார்த்த வேறொரு மெக்கானிக், சூடாக இருக்கும்போதே சோதித்து, கண்டென்சரை மட்டும் மாற்றினார். விலை, ஒரு வேளைக் காய்கறிச் செலவுதான்.

சகோதரி, விற்பதற்கு முன்னால் நீங்களும் நாலு வாரம் குறித்துப் பாருங்கள். ஆவி அடைப்புதான் என்று தெரிந்தால், சைலன்சர் குழாயை ஒட்டிப் போகிற பெட்ரோல் பைப்பைத் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் அதில் ஊறிக் கெட்டுப்போகும். பம்ப் டயாஃப்ரமும் ரப்பர் பைப்பும் மாற்றும்போது எத்தனால் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.