எங்கள் குறிகளைக் கேட்டு வாங்கி மூடினார்கள்

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரையில், ஃபிட்ஸ்ராய் ஆறு கடலில் சேர்கிற பகுதியில் குடியிருப்பவன் நான். மீன் பிடித்து விற்கிற ஆள் இல்லை. விடுமுறை நாளில் ஒரு சின்ன அலுமினியப் படகில் இறங்கித் தூண்டில் போட்டு, கிடைத்தால் வீட்டுக் குழம்புக்கு ஒன்று, கிடைக்காவிட்டால் வெறுங்கை என்று திரும்புகிறவன். எங்களைப் போன்றவர்கள் இந்த மாநிலத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறோம். கடலைக் காப்பாற்றுகிறோம் என்று அரசாங்கம் புறப்பட்டபோது எங்கள் கையில்தான் முதல் அடி விழுந்தது. ஆற்று வாயை மறித்துக்கொண்டு கிடந்த தொழில்முறை மீனவர்களின் செவுள் வலையைத் தொடுவதற்கு அதற்கு எத்தனை வருஷம் ஆயிற்று!

ராக்ஹாம்ப்டன் நகரத்துக்கு நடுவிலேயே ஓடுகிறது ஃபிட்ஸ்ராய். இங்கே பாரமுண்டி என்கிறார்களே, அது நம் ஊர்க் கொடுவாதான், அதே மீன். வளரும் வயதில் ஆணாக இருக்கும். சில வருஷம் கழித்து, எண்பது, தொண்ணூறு சென்டிமீட்டரைத் தாண்டுகிற வாக்கில் பெண்ணாக மாறிவிடும். ஆற்றில் கிடக்கிற பெருமீன் எல்லாம் அநேகமாகத் தாய்மீன் என்று வைத்துக்கொள்ளலாம். கோடை வந்தால் முட்டையிடுவதற்காக முகத்துவாரத்து உப்புத்தண்ணீரைத் தேடி இறங்கும். இதெல்லாம் தெரிந்துதான் சட்டம் போட்டிருக்கிறார்கள்: 58 செ.மீ.க்குக் குறைந்ததையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் தண்ணீரிலேயே விட வேண்டும். நவம்பர் தொடங்கி ஜனவரி முடிய, கிழக்குக் கரையில் பாரமுண்டியே பிடிக்கக் கூடாது. நியாயமான சட்டம். நாங்கள் அதை மதிக்கிறோம். படகின் பக்கவாட்டில் அளவு நாடாவை ஒட்டி வைத்திருக்கிறோம்.

வலைக்கு அளவு நாடா உண்டா?

ஆற்று வாய்க்குப் பக்கத்தில் கண்டல் காட்டை ஒட்டிய ஒரு கழியில், வற்றம் இறங்குகிற நேரத்தில், வலை இன்னும் போகாத காலத்தில் நான் பார்த்த ஒரு பாரமுண்டியைச் சொல்கிறேன். வயிறு மேலாகக் கிடந்தது. தலைக்குப் பின்னால், செவுள் மூடியைச் சுற்றி, கத்தியால் கீறியதுபோல ஒரு சிவப்பு வளையம். அந்த வளையத்தில் மட்டும் செதில் உரிந்து வெள்ளைத் தோல் தெரிந்தது. செவுளைத் திறந்தேன், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்துப்போயிருந்தது. படகில் இருந்த நாடாவுக்கு அடங்காத நீளம். வயிற்றைத் தொட்டால் சினை கனத்தது. சட்டப்படி அதை விட்டுவிட்டார்கள், தப்பே சொல்ல முடியாது. செவுள் வலையில் இறுகி மூச்சடைத்த மீனைத் தண்ணீரில் விட்டால் அது எத்தனை தூரம் நீந்தும்? அந்த வயிற்றில் இருந்த முட்டை கோடிக்கணக்கு. அதைச் செத்த மீன் என்று எந்த ஏட்டில் எழுதினார்கள்?

மீன் மட்டுமா? கடல்பசு, ஆமை, ரம்ப மீன் எல்லாம் அந்த வலையில் மாட்டின. மேலே வந்து மூச்சு விட வேண்டிய உயிர் வலையில் சிக்கினால் மூழ்கியே சாகும். இது அரசாங்கத்துக்குத் தெரியாத சங்கதி இல்லை. கடல்பசுவுக்காக இந்தக் கரையில் 1997-இலேயே 16 காப்புப் பகுதிகளை அறிவித்தவர்கள் அவர்களே. அந்தப் பதினாறிலும் ஏழு இடத்தில்தான் வலைக்குக் கடுமையான தடை. மற்ற ஒன்பதில் சில நிபந்தனைகளோடு வலை தொடர்ந்தது.

இப்போது எங்களுக்கு நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் கரைக்கு வெளியே இருக்கிற பெருந்தடுப்புப் பவளத்திட்டின் (கிரேட் பேரியர் ரீஃப்) கடல் பூங்கா 3,44,400 சதுர கிலோமீட்டர். அதை வண்ணம் வண்ணமாகப் பிரித்திருக்கிறார்கள். பச்சையில் யாரும் எதையும் பிடிக்கக் கூடாது. மஞ்சளில் ஆளுக்கு ஒரு தூண்டில், அதில் ஒரு கொக்கி. அடர்நீலத்தில் இழுவலை தவிர மற்றது ஆகலாம். 2004 ஜூலை வரை பச்சை என்பது நூற்றில் ஐந்துகூட இல்லை. ஜூலை 1-ஆம் தேதி விடிந்தபோது மூன்றில் ஒரு பங்கு பச்சை. அதற்கு முன்னால் மக்கள் கருத்தைக் கேட்டார்கள். கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 31,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் போயின. அதில் எங்களுடையவையும் இருந்தன. எங்கே மீன் பிடிக்கிறீர்கள், வரைபடத்தில் காட்டுங்கள் என்றார்கள். தகப்பன் மகனுக்கு மட்டும் சொல்லிக் கொடுக்கிற குறிகள் அவை. கரையிலுள்ள இந்த மலையும் அந்தத் தீவின் முனையும் ஒரே நேரில் வரும்போது நங்கூரம் போடு என்று தலைமுறையாகக் காத்து வைத்த இடங்கள். அவற்றைத் திறந்து காட்டினால் விட்டுவைப்பார்கள் என்று நம்பிப் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தோம். இறுதி வரைபடம் வந்தபோது நாங்கள் வட்டம் போட்ட இடங்கள் பலவற்றின் மேல் பச்சை பூசியிருந்தது. இந்தக் கரையில் எந்தப் படகுத்துறைக்கு வேண்டுமானாலும் போய், நரைத்த தலையாகப் பார்த்துக் கேளுங்கள். இதே கதையைத்தான் சொல்வார்கள். அன்றைக்குப் போன நம்பிக்கை இன்னும் திரும்பவில்லை.

பச்சைக்குள் வலையும் வரக் கூடாதுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பாரமுண்டி வலைக்காரருக்குப் பவளத்திட்டில் என்ன வேலை? அவர் வலை போடுகிற இடம் ஆற்று வாயும் கழிமுகமும். அங்கே வலை அப்படியே கிடந்தது. வெளித்திட்டில் தூண்டிலை எடுத்துவிட்டு உள்கரைக்கு வந்தால், அங்கே நமக்கு முன்னால் வலையின் மிதவைகள் வரிசை கட்டி நின்றன. எங்கேதான் போவது?

தண்ணீரில் கோடு கிடையாது. இன்றைக்குக் கைப்பேசியிலேயே எல்லை தெரிகிறது. 2004-இல் எல்லாச் சின்னப் படகிலும் ஜி.பி.எஸ். இருந்ததா? காற்றில் நங்கூரம் இழுபட்டுப் படகு கொஞ்சம் தள்ளிப்போனால் பச்சை. தூண்டில் தண்ணீரில் இருந்தால் குற்றம். முதல் இரண்டரை வருஷம் அது அபராதச் சீட்டோடு முடிகிற குற்றமாகவும் இல்லை. கோர்ட்டில் நிறுத்தி, குற்றவாளி என்று பதிவு செய்தார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட சாதாரண ஆட்கள் அப்படிக் குற்றப் பதிவோடு நடமாடினார்கள். வேலைக்கு மனுப் போட்டால் அந்தப் பதிவு, வெளிநாட்டு விசாவுக்குப் போனால் அந்தப் பதிவு. திருடனையும் தூண்டில்காரனையும் ஒரே படிவத்தில் நிரப்பினார்கள்! 2006 கடைசியில்தான் அபராதச் சீட்டு முறை வந்தது. பழைய பதிவுகளை ஒதுக்கிவைக்க நாடாளுமன்றத்தில் அதற்கப்புறமும் இரண்டு வருஷம் போராட வேண்டியிருந்தது. அந்த ஆட்களிடம் யாராவது மன்னிப்புக் கேட்டதாக நான் அறியவில்லை.

பச்சை மண்டலமே வேண்டாம் என்று கத்துகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்காதீர்கள். எங்கள் கரைக்கு எதிரே இருக்கிற கெப்பல் தீவுகளில் விஞ்ஞானிகள் மீன்களின் மரபணுவைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். திட்டுகளில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் பச்சை. சுற்று வட்டாரத்துக் களவாக் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிக்குப் பெற்றோர் அந்தப் பச்சைக்குள் இருந்தன என்று 2012-இல் வெளியிட்டார்கள். படித்தேன். சந்தோஷப்பட்டேன். நாங்கள் விட்டுக்கொடுத்தது வீண்போகவில்லை. ஆகவேதான் எரிகிறது. திட்டில் தாய்மீனை விட்டால் குஞ்சு பெருகும் என்று இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்த நாடு, பாரமுண்டித் தாய்மீன் முட்டையிட இறங்குகிற ஆற்று வாயில் வலை போட உரிமம் கொடுத்துக்கொண்டே இருந்தது.

2004-இல் தொழில் இழந்தவர்களுக்கு நஷ்டஈடாக 20 கோடி டாலருக்கு மேல் போயிற்று. கொடுக்கட்டும், பிழைப்பு போனவனுக்குக் கொடுக்கத்தான் வேண்டும். வலை இழுக்கிற குடும்பங்கள் மேல் எனக்குப் பகை இல்லை. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அதே ஆற்றில் உழைத்தவர்கள். அவர்கள் கையில் உரிமத்தைக் கொடுத்ததும் அரசாங்கம்தான், நாளை வா என்று இழுத்தடித்ததும் அரசாங்கம்தான். ஆனால் எங்கள் இழப்பைக் கணக்கில் எழுதக்கூட ஒரு வரி இல்லை. "பொழுதுபோக்குதானே" என்கிறார்கள். பொழுதுபோக்கா? பேசத் தெரியாத வயதில் என் பிள்ளை என்னோடு பேசாமலே ஒட்டிக்கொண்டது இந்தப் படகில்தான். இரை விற்கிற கடை, படகு பழுது பார்க்கிற பட்டறை, கரையோரத்துச் சின்ன விடுதி என்று எங்களை நம்பி எத்தனை பேர்!

காசு கொடுக்கவும் நாங்கள் தயார் என்று சொன்னோமே. பக்கத்து நியூ சவுத் வேல்ஸில் தூண்டில்காரர்களின் உரிமக் கட்டணத்தை வைத்தே வலை உரிமங்களை விலைக்கு வாங்கி, 2002-இல் 30 இடங்களைத் தூண்டிலுக்கென்று ஒதுக்கினார்கள். அதைக் காட்டிக் கேட்டுக்கேட்டு வாய் வலித்தது. எங்களுக்கு 2015 நவம்பரில் கிடைத்தது மூன்று இடம்: கெய்ர்ன்ஸ், மக்காய், எங்கள் ராக்ஹாம்ப்டன் பகுதி. வலை போன ஆற்றைப் பார்த்தவன் நான். இரண்டு மூன்று கோடையிலேயே பெரிய பாரமுண்டி நகரத்துப் பாலத்துக்கு அருகில் அடிக்கத் தொடங்கியது. கையகலத் துண்டாகப் பார்த்த காலாவை இரண்டு கையால் தூக்க வேண்டியிருந்தது. எங்கிருந்தோ ஆட்கள் கார் பிடித்து வந்தார்கள். பலன் இப்படிக் கண்ணெதிரே இருந்தும் நான்காவது ஆறு கிடைக்கவில்லை. டவுன்ஸ்வில்லிலும் மற்ற ஊர்களிலும் எங்களைப் போன்றவர்கள் கெஞ்சிக்கொண்டே இருந்தார்கள்.

கடைசியில் யார் சொல்லிக் கேட்டார்கள் தெரியுமா? பவளத்திட்டை ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கலாமா என்று யுனெஸ்கோ யோசித்த பிறகுதான், 2023 ஜூனில் மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து அறிவித்தன: 2027 நடுப்பகுதிக்குள் இந்தக் கடலில் செவுள் வலை இருக்காது என்று. பாரிஸிலிருந்து வந்த ஒரு கடிதத்துக்கு இருந்த மரியாதை, ஆற்றங்கரையில் நின்று கத்திய சொந்த ஜனத்துக்கு இல்லை.

அறிவிப்பு வந்த அன்றைக்கு நான் கொண்டாடவில்லை. கொண்டாடத் தோன்றவில்லை. அதே மாதம் முடிந்து ஜூலை பிறந்ததும் வஞ்சிரம் ஆளுக்கு மூன்று என்பது ஒன்றாயிற்று. மீன் குறைந்திருக்கிறது என்றால் குறைத்துக்கொள்கிறோம்; முணுமுணுக்க மாட்டோம். எங்களுக்கான தடை மட்டும் சீக்கிரம் அமலுக்கு வருகிறது, வலைக்கான தடைக்கு நான்கு வருஷ அவகாசம். அந்தத் தேதி ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. தேர்தலைச் சாக்குச் சொல்லாதீர்கள். வலைக்காரக் குடும்பங்களுக்குக் கொடுக்க வேண்டியதை முழுசாக, இப்போதே கொடுத்து அனுப்புங்கள். எல்லையில் மிதவை போட முடிகிற இடத்தில் மிதவை போடுங்கள். இன்னொரு வரைபடம் போடப் புறப்பட்டால், மீன் எங்கே கிடக்கிறது என்று எங்களைக் கேட்டுக்கொண்டு வராதீர்கள். எதை மூடப் போகிறீர்கள், ஏன் மூடப் போகிறீர்கள், மூடினதால் மீன் பெருகியதா என்று எந்த வருஷம் வந்து கணக்குக் காட்டுவீர்கள் என்பதை முதலில் நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள். அப்புறம் பேனாவை எங்கள் கையில் கொடுங்கள்.