எளிய வீரரின் வரலாறு

போர் வரலாறு என்றால் மன்னர், தளபதி, வெற்றி பெற்ற நாள் ஆகியவற்றையே நாம் மனப்பாடம் செய்கிறோம். முன்னணியில் துப்பாக்கி ஏந்தி நின்ற எளிய வீரர் எவ்வூரார், எதற்காகச் சென்றார் என்று வினவுவதில்லை. அவ்வாறு வினவுவதே வரலாறு கற்பதன் முதற்படி என்பது என் கருத்து. கர்வால் மலைநாட்டு வீரர்களின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும்.

பத்ரிநாத்தும் கேதார்நாத்தும் அமைந்த கர்வால், இன்றைய உத்தரகாண்ட் மாநிலத்தின் ஒரு பகுதி. மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய சிறு வயல்களின் விளைச்சல் பல குடும்பங்களுக்குப் போதவில்லை. ஆகவே இளைஞர் பலர், லான்ஸ்டௌன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கர்வால் ரைஃபிள்ஸ் படையில் சேர்ந்தனர். அக்காலத்தில் சிப்பாயின் மாத ஊதியம் 11 ரூபாய். அத்தொகையை நம்பியே ஊரில் அடுப்பு எரிந்தது.

1914ஆம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. அவ்வாண்டு அக்டோபரில் கர்வால் வீரர்கள் பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுகத்தில் இறங்கினர். குளிர் அவர்களுக்குப் புதிதன்று. ஆயினும் சேறும் நீரும் நிறைந்த பதுங்குகுழிகளில் இரவு பகலாக நிற்பது அவர்கள் அதுவரை அறியாத துன்பம். எழுதப் படிக்கத் தெரியாத வீரர்கள் பிறரைக் கொண்டு வீட்டிற்குக் கடிதம் எழுதுவித்தனர். அக்கடிதங்களும் தணிக்கைக்கு உட்பட்டன. மனத்துயரை மனைவியிடம் கூறும் உரிமைகூட அவர்களுக்கு முழுமையாக இல்லை.

1915 மார்ச் 10 அன்று நியூவ் சாப்பல் போரில் கபர் சிங் நேகி உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 19. அவரது வீரத்திற்கு விக்டோரியா கிராஸ் விருது அளிக்கப்பட்டது. அவர் பெயரை நாடு அறியும். உடன் மடிந்தோரை யார் அறிவார்? அவ்வூரில் எழுப்பப்பட்ட நினைவிடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு வீடு இருந்தது.

"அயலார் ஆட்சிக்காகப் போரிட்டவரை நாம் ஏன் போற்ற வேண்டும்?" எனச் சிலர் கேட்கலாம். வீரரை நினைப்பது வேறு. போரையும் பேரரசையும் புகழ்வது வேறு. அவ்வீரர்கள் வெறும் கருவிகளும் அல்லர். பிரான்சில் போரிட்டுத் திரும்பிய சந்திர சிங் கர்வாலி, 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரில் ஆயுதமற்ற மக்கள்மீது சுட மறுத்தார். அவருடன் நின்ற கர்வால் வீரர்களும் மறுத்தனர். அதற்காக அவர் நீண்டகாலம் சிறையில் வாடினார். பகைவர்முன் அஞ்சாது நிற்பது வீரம். அநீதியான கட்டளைக்குப் பணியாதிருப்பது அதனினும் பெரிய வீரம்.

பிழைப்பிற்காகப் பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகளாகிய உங்களுக்கு இவ்வீரர்களின் நிலை எளிதில் விளங்கும். டெல்லியில் 1931ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்தியா கேட்டின் சுவர்களில் 13,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அங்குச் சென்றால் படம் எடுப்பதோடு நில்லாது, ஒரு பெயரையேனும் நின்று படியுங்கள். எண்ணிக்கையாகக் கண்டவரை மனிதராகக் காண்பதே அவர்களுக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதையாகும்.