செருப்பைக் கழற்றிக் காட்டுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூர் பக்கத்துக் கம்பெனிகளிலும் வேலை செய்கிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த ஒருவர் (பெயர் வேண்டாம்) நான்கு வருடமாக இரண்டு வியாதிக்குத் தனித்தனியாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சின்னச் சின்ன சீழ்க்கொப்புளம். காய்ந்து, தோல் உரிந்து, மறுபடி வரும். கம்பெனி ஆயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு களிம்பு. பிறகு காறை எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் வீக்கம், இரவில் தூங்கவிடாத வலி. லோடு தூக்கியதால் வந்தது என்று வலி மாத்திரை. எக்ஸ்ரேயில் எலும்பு தடித்துத் தெரிந்ததும் எலும்பு டி.பி.யோ என்றார்கள். சதை எடுத்துச் சோதித்ததில் கிருமியும் இல்லை, புற்றும் இல்லை. அதற்குள் வீட்டில் அழுது தீர்த்துவிட்டார்கள். கடைசியில் ஒரு ருமட்டாலஜி டாக்டர், "ஷூவைக் கழற்றுங்க, காலைப் பார்ப்போம்" என்றாராம். அப்போதுதான் இரண்டும் ஒரே நோய் என்று தெரிந்தது.

அதற்கு சாஃபோ என்று பெயர். 1987-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் வைத்தது. மூட்டு அழற்சி, முகப்பரு, சீழ்க்கொப்புளம், எலும்பு தடித்தல், எலும்பு அழற்சி ஆகிய ஐந்துக்குமான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். ஐந்தும் எல்லாருக்கும் வராது. தோலில் வந்து பல வருடம் கழித்து எலும்பில் வரலாம், முன்பின்னாகவும் வரலாம். இதுதான் என்று சொல்ல ஒரு ரத்தப் பரிசோதனையும் கிடையாது. போன் ஸ்கேன் எடுத்தால் சிலருக்கு நெஞ்சின் மேல்பகுதி கொம்போடு கூடிய காளைத்தலை மாதிரி தெரியும். பாடப்புத்தகத்தில் போடும் அளவுக்குத் தெளிவான அடையாளம், ஆனால் அந்த ஸ்கேன் வரை போவதற்குள் வருடங்கள் ஓடிவிடுகின்றன.

நான் டாக்டர்களைக் குறை சொல்லவில்லை. நம் நாட்டில் எலும்பு வீங்கினால் டி.பி.யைச் சந்தேகிப்பதுதான் சரி. (இதைப் படித்துவிட்டு டி.பி. மாத்திரையை யாரும் தானாக நிறுத்தக் கூடாது!) என் ஆதங்கம் வேறு. தோல் டாக்டர் கையைப் பார்க்கிறார், எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்க்கிறார். இரண்டு சீட்டும் ஒரே மேசைக்கு வருவதே இல்லை. தொழிற்பேட்டையில் இது இன்னும் மோசம். கொப்புளத்துக்கு ஆயிலும் வலிக்கு லோடும் காரணமாகக் கையில் தயாராக இருக்கின்றன, யாரும் மேலே யோசிப்பதில்லை. கான்ட்ராக்ட் பிள்ளைகளோ அரை நாள் சம்பளம் போகும் என்று வலியை வாய்விட்டே சொல்வதில்லை. கம்பெனி மருத்துவ அறையில் ஒவ்வொருவருக்கும் ஒரே நோட்டில் எல்லாத் தொல்லையையும் எழுதி வைத்தால் போதும். அதற்குப் பெரிய செலவா ஆகும்?

இன்னொன்று. இது ஒட்டுவார் ஒட்டி இல்லை. அறையில் கூடத் தங்கும் பையன்கள் தட்டைத் தள்ளி வைக்க வேண்டியதில்லை. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குக் கை, கால் கொப்புளம் அதிகம் என்பது மட்டும் உண்மை, விட்டுவிடுங்கள். முழுதாகத் தீர்க்கும் மருந்து இல்லை. ஆனால் அழற்சியை அடக்கவும் எலும்பைக் காக்கவும் மருந்துகள் உண்டு. என் மாணவர் இப்போது ஷிப்டுக்குப் போகிறார்.

சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ருமட்டாலஜிக்குத் தனித் துறையே இருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்தால் எதிரிலேயே. இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் முதலில் உங்கள் டிஸ்பென்சரியில் கேளுங்கள். போகும்போது தோல் சீட்டு, எலும்பு சீட்டு, பழைய எக்ஸ்ரே எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். கொப்புளம் மறைந்துபோகும் என்பதால், வரும்போதே போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.