பதினான்கு நாள் மௌனம்

பிரித்தானிய வானொலியின் பொற்காலமென 1950களைப் போற்றுவோர், அன்றைய ஒருநாள் நிகழ்ச்சி நிரலைச் சான்றாகக் காட்டத் தவறுவதில்லை. காலையில் இல்லத்தரசிகள் விரும்பிக் கேட்ட பாடல்கள். பிற்பகலில் 'வுமன்ஸ் அவர்'. மாலையில் 'தி ஆர்ச்சர்ஸ்' தொடர்நாடகம். இரவில் 'தேர்ட் புரோகிராம்' சேவையில் சாஸ்திரிய இசையும் இலக்கிய உரைகளும். நல்ல பட்டியல்தான். ஆனால், அதில் இடம்பெறாதது எது என்று எவரும் கேட்பதில்லையே, ஏன்?

அடுத்த பதினான்கு நாட்களுக்குள் பாராளுமன்றம் விவாதிக்கவிருந்த எந்த விடயத்தையும் பி.பி.சி. தன் ஒலிபரப்பில் விவாதிக்கலாகாது என்றொரு விதி அன்று இருந்தது. 1944இல் அதனை ஏற்படுத்தியது அரசாங்கமன்று, பி.பி.சி.யேதான். பின்னர் அந்நிறுவனம் அதிலிருந்து விடுபட விரும்பியபோது, 1955இல் அரசாங்கம் அதனை எழுத்துமூலக் கட்டளையாக்கியது. தானே பூட்டிய விலங்கின் திறப்பு மாற்றான் கைக்குப் போயிற்று!

மறு ஆண்டே சூயஸ் நெருக்கடி வந்தது. நாடு போரில் இறங்கிய வேளையில், பத்திரிகைகள் தாராளமாக அலசிய விடயம் வானொலிக் கலந்துரையாடலுக்கு விலக்கப்பட்டிருந்தது. அந்த அபத்தத்தைக் கண்ட பின்னரே, 1956 டிசெம்பரில் விதி இடைநிறுத்தப்பட்டது.

ஆகவே, பொற்காலம் பேசுவோரே, நிரலில் உள்ளவற்றை எண்ணியது போதும். விலக்கப்பட்டவற்றையும், விலக்குவதற்கு முதலில் உடன்பட்டவர் யாரென்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஊடகத்துறையினராகிய நாம் கற்கவேண்டிய பாடம் அதிலேதான் இருக்கிறது.