வலிக்கு என்ன கணக்கு?

1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் கூலியையும் வயதையும் உழைக்கும் சக்தியில் போன சதவீதத்தையும் பெருக்கித் தொகை சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அதே பெருக்கல்தான். வெந்த தோலில் ஒட்டின துணியைப் பிரிக்கையில் போடுற கத்தல் எந்தக் கட்டத்திலும் ஏறாது. பஸ் மோதினால் மட்டும் வாகன விபத்துத் தீர்ப்பாயம் 'வலி, வேதனை' என்று தனியாகப் பணம் தருது. சேரியிலிருந்து போய் மருந்து ரூமில் கருகினவன் உடம்பு வேற உடம்பா?

2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் ஆலை வெடித்தது. பசுமைத் தீர்ப்பாயம் சாவுக்கு 20 லட்சம், பாதி உடம்புக்கு மேல் வெந்தவருக்கு 15 லட்சம் என்றது. கூலி எவ்வளவுன்னு கேட்கல. தோழர்களே, ஆஸ்பத்திரி வாசலுக்கு வெற்றுத்தாளோடு ஏஜெண்டு வருவதற்கு முன்னால் நீங்க போங்க. காயச் சான்று, எஃப்.ஐ.ஆர். நகல் ரெண்டையும் வாங்குங்க. அந்தத் தீர்ப்பாயத்தில் இழப்பீட்டு மனுப் போட 5 வருஷம் அவகாசம் இருக்கு.